அறுபத்திரண்டு கிலோ

அத்தியாயம் 11

உம்மாவின் இத்தா முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

காலையிலிருந்து வந்துபோன பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இன்றைக்குப் பொழுது சாய்ந்து மஃரிபோடு முடிகிறது, அல்லாஹ் பொறுமையைக் கொடுத்தான் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கிண்ணத்தை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போனார்கள். பதினொன்றரை மணிக்குள் மேடை நிறைய வட்டிலப்பம்.

ஜஸீலா அந்தக் கிண்ணங்களை முறைத்துக்கொண்டு நின்றாள். சர்க்கரை நோய்க்காரிக்கு ஆறுதல் சொல்ல சீனியும் தேங்காய்ப்பாலும் கொண்டுவரும் ஊர் இது. நான்கு மாதமாக அவள் நடத்திய சண்டையில் பாதி இந்த மேடையில்தான் நடந்தது.

"அதுல முட்டை இருக்குல்ல. முட்டை சத்துன்னு நீதானே சொன்னே" என்றாள் ஹஃப்ஸா மாமி, ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தபடி.

"முட்டையை விட சீனி அதிகம் மாமி."

"அப்ப சீனியை விட்டுட்டு முட்டையை மட்டும் தின்னுக்குறேன்."

ஜஸீலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வெளியே காட்டவில்லை. உள்ளறையில் உம்மா சஃபியா ஓதிக்கொண்டிருந்தாள்.

வாப்பா மீரா உசேன் மவுத்தாகி நான்கு மாதம் பத்து நாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவின் கணக்கு அதுதான். பிற்பகலில் அஸர் தொழப் போகுமுன் குளிக்கப் போனவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்ததும் உயிர் போய்விட்டது, தான் போய்ப் பார்க்கும்போதே மூச்சு இல்லை என்று உம்மா அன்று எல்லோரிடமும் சொன்னாள். இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். அடக்கம் முடிந்தது. அதற்கு மேல் கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

ஊருக்கு மட்டும் ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் அதே வீட்டின் மாடியில் ஜஸீலாவின் மூன்று மணி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழு பெண்கள், ராடு, பிளேட், இரும்புச் சத்தம். மேலே இரும்பு, கீழே மவுத்து. இதைச் சொன்னவர்கள் யாரும் ஜஸீலாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மீன் வாங்கப் போகும்போதும் மருந்துக்கடை வாசலிலும் அது தானாகக் காதில் விழுந்தது.

அவள் தஞ்சாவூரில் சத்துணவியல் படித்தவள். பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கியவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு வராத சுபாவம். மாடி ஏறினால்தான் அவளுக்குக் குரல் வரும். முதுகை நேரா வைங்க, மூச்சைப் பிடிங்க, இன்னும் ரெண்டு என்று சத்தமாக எண்ணுவாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. வகுப்பு மறுபடி தொடங்கியபோது விரலைக் காட்டித்தான் எண்ணினாள். பட்டுக்கோட்டையிலிருந்து கனமான தென்னைநார் மெத்தை வரவழைத்துத் தரை முழுவதும் விரித்தாள். ஒரு பிளேட் இறங்கினால் பூனை குதித்த சத்தம்கூட வராது.

அந்த வகுப்பை மறுபடி தொடங்கச் சொன்னதும் உம்மாதான்.

இத்தாவின் மூன்றாம் வாரம் அது. சஃபியா கைப்பிடியைப் பிடித்து, நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, மாடிக்கு வந்தாள். மகள் இரும்பு தூக்குவதைப் பற்றி 'பட்டணத்துக் கூலி' என்று கேலி பேசிக்கொண்டிருந்தவள் அவள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழ முயன்றபோது இரண்டு கையும் தேவைப்பட்டது. எழுந்து நின்று, "எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

இத்தாவில் இதெல்லாம் கூடுமா என்று கேட்டாள் ஜஸீலா.

"மதரசா ஆலிமாகிட்ட கேட்டுட்டேன். வீட்டுக்குள்ள இருக்கணும்னுதான் சட்டம். உக்காந்தே இருக்கணும்னு இல்ல."

ஏன் என்று ஜஸீலா கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவள் எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். முதல் வாரம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது மட்டும். பிறகு துடைப்பக்கட்டை. பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய கேன். குனிந்து தூக்கும்போது இடுப்பு எப்படிப் பின்னால் போக வேண்டும் என்பது உம்மாவுக்குப் பிடிபடவேயில்லை. கடைசியில், கை இரண்டிலும் சூடான சட்டி இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைச் சாத்துவதில்லையா, அதுதான் என்று சொன்னாள் ஜஸீலா. உம்மா ஒரே தடவையில் சாத்திவிட்டாள்.

அந்தத் தூக்குக்கு டெட்லிஃப்ட் என்று பெயர். மவுத்து வீட்டில் அந்தப் பெயர் வேண்டாம் என்று ஹஃப்ஸா மாமி தடை போட்டாள். அன்றிலிருந்து அது 'மூட்டை'.

மாமியும் மற்றப் பெண்களும் வந்த வழிதான் வேடிக்கை. இத்தா வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறேன் என்றால் எந்த ஆண் தடுப்பான்? பர்தாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கீழே சஃபியாவின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு சஃபியாவோடு சேர்ந்தே மாடி ஏறினார்கள். ஏழு பேர் இருந்த வகுப்பு பதினொன்றானது. சஃபியா மேல் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பாசம் என்று பள்ளிவாசல் வாசலில் ஆண்கள் மெச்சிக்கொண்டார்கள். மெச்சியவர்களில் முதல் ஆள் ஹஃப்ஸா மாமியின் கணவர், சஃபியாவின் அண்ணன், ஹபீப் முகம்மது.

இன்று மஃரிபோடு அந்தச் சாக்கும் முடிகிறது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு இர்பான் வந்தான். சஃபியாவின் மூத்த மகன், ஜஸீலாவின் காக்கா, ஷார்ஜாவில் வேலை. இத்தா முடிவதற்காகவே பத்து நாள் லீவில் வந்திருந்தான். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு விமானம் கிடைக்காமல் போனவன். அந்த நெருடல் அவன் குரலில் எப்போதும் ஒரு அதட்டலாக வெளிப்பட்டது.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மகள் கல்யாணத்துக்கு வாப்பா வீடு கட்டுவார். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே வந்து சேருவார். அப்படித்தான் சஃபியாவின் வீட்டுக்கு மீரா உசேன் வந்தார். அப்படித்தான் இர்பானும் இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டில் தங்கியிருந்தான். உம்மா வீட்டுக்கு அவன் விருந்தாளி. ஆனால் விருந்தாளி மாதிரி அவன் பேசவில்லை.

பட்டுக்கோட்டையில் ஒரு ஜிம்மில் பேசிவிட்டதாகச் சொன்னான். இரும்பை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரவு இஷாத் தொழுகைக்கு முன்னால் குட்டியானை வண்டி வரும். மாடியைப் பூட்டிவிட்டு, உம்மா இனி ஓய்வாக இருக்கட்டும். ஹபீப் மாமாவும் அதைத்தான் சொல்கிறார். மாமா வந்து, துஆ முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். அதன் பிறகு ஊர் வாயும் மூடும்.

ஜஸீலா கேட்டுக்கொண்டே நின்றாள். சொல்ல நிறைய இருந்தது. வந்தது ஒன்றுதான்.

"உம்மாகிட்ட கேட்டீங்களா காக்கா?"

"உம்மாவுக்கு நீ தலையில என்ன ஏத்தி வச்சிருக்கியோ. அவங்க வயசுக்குத் தூக்குற சாமானா அது? இடுப்பு போனா நான் ஷார்ஜாவுலேருந்து ஓடி வரணும்."

இடுப்பு போகாமல் இருக்கத்தான் தூக்குவது. உம்மாவின் சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் இர்பான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"அன்னைக்கு வாப்பா கீழ விழுந்த சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

ஜஸீலா தரையைப் பார்த்தாள். கேட்கவில்லை. அன்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு, விடாதீங்க, ஒன்பது. நான்கு மாதமாகத் தூங்கப் போகுமுன் அந்த எண்கள் வரும். ஒரு எண்ணைக் கொஞ்சம் மெல்லச் சொல்லியிருந்தால் கேட்டிருக்குமோ என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பாள்.

"கேக்கலல்ல" என்றான் இர்பான். "அதான்."

சாப்பிட உட்கார்ந்தபோது அவனே உம்மாவுக்குப் பரிமாறினான். மகன் கையால் என்று அன்போடு சோற்றை மலையாகக் குவித்தான். சஃபியா பாதியை அவன் தட்டுக்கு மாற்றினாள். கொடுவா மீன் ஆணத்திலிருந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். அவித்த முட்டை ஒன்று. கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு கை. எது முதலில், எது பிறகு என்று அவளுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நோயாளி மாதிரி சாப்பிடுறீங்களே உம்மா."

"நோயாளி மாதிரி முன்னாடிதான் சாப்பிட்டேன்" என்றாள் சஃபியா. "உன் சங்கதியை நான் உள்ளேருந்து கேட்டேன். மஃரிப் முடியட்டும்."

அவ்வளவுதான். இர்பான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். உம்மாவின் குரலை நான்கு மாதம் பக்கத்திலிருந்து கேட்டவள் ஜஸீலா. அவளுக்கு அது சம்மதமாகத் தெரியவில்லை.

இர்பான் போனதும் சஃபியா மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு மஃரிபுக்கு அப்புறம் தூக்குறேன். அறுபத்திரண்டு போடு."

போன வாரம் ஐம்பத்தேழரை. அதுவே முழங்காலைத் தாண்ட நேரம் எடுத்தது. இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம், முதலில் அறுபது வரட்டும் என்றாள் ஜஸீலா. பயிற்சியாளராகப் பேசும்போது அவள் குரல் உம்மாவிடமும் நிமிர்ந்துதான் வரும்.

"அறுபது வேணாம். அறுபத்திரண்டு."

"ரெண்டு கிலோவுக்குப் பிளேட்டே இல்ல உம்மா. அறுபதுதானே கணக்கா இருக்கும். ஒரு மூட்டை நெல்லு."

"மூட்டை நெல்லை வச்சு நான் என்ன செய்ய?" சஃபியா எழுந்தாள். கை ஊன்றாமல் எழுந்தாள். "நாளைக்கு ராடு இந்த வீட்டுல இருக்குமோ இருக்காதோ. இன்னைக்கே போடு."

ஜஸீலா யோசித்தாள். உம்மா இரண்டு நாளாக நன்றாகத் தூங்கியிருக்கிறாள். சாப்பாடு சரியாகப் போயிருக்கிறது. போன வாரம் முதுகு வளையவில்லை, கால்தான் சோர்ந்தது. படிப்படியாக ஏற்றினால், வளைந்த நொடியே நிறுத்தினால், முயன்று பார்க்கலாம். முதுகு வளைந்தால் நான் நிறுத்து என்பேன், அப்படியே விட்டுவிட வேண்டும் என்றாள். சஃபியா தலையாட்டினாள்.

அஸருக்குப் பிறகு ஹஃப்ஸா மாமி மாடிக்கு வந்து ஒத்தாசை செய்தாள். பழைய டம்பிள் ஒன்றில் ஒரு கிலோ பிளேட் இரண்டு இருந்தது. துருப்பிடித்த திருகை இருவரும் தேங்காயெண்ணெய் விட்டுக் கழற்றினார்கள். மாமி போன வருடம் வரை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். இப்போது தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்கிறாள். அது தான் வாங்கிக் கொடுத்த மூட்டுவலித் தைலத்தின் மகிமை என்று மாமா தென்னைமட்டை மண்டியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். நாலைந்து பேர் வாங்கியும் இருந்தார்கள்.

"நாளையிலேருந்து நான் என்ன சொல்லிக்கிட்டு இங்க வர்றது?" என்றாள் மாமி, திருகைத் துடைத்தபடி. "துக்கம் விசாரிக்கவும் ஒரு கணக்கு இருக்குல்ல."

வாசலில் ஒரு வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. ஜஸீலா எட்டிப் பார்த்தாள். குட்டியானை. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டது.

பாங்கு சொன்னது.

மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஹபீப் முகம்மது நடுவில். துஆ ஓதி முடிந்தது. ஆமீன் சொன்ன கையோடு அவர் தங்கையைத் தேடினார். குளித்து உடை மாற்றப் போயிருக்கிறாள், இத்தா முடிந்தால் குளிப்பது வழக்கம்தானே என்று யாரோ சொன்னார்கள். தேத்தண்ணீர் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

சஃபியா குளித்திருந்தாள். நான்கு மாதம் உடுத்திய வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டு, தளர்வான பச்சைச் சுடிதார் போட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். படியில் எந்த இடத்திலும் நிற்கவில்லை. வந்ததும் ராடைப் பார்த்தாள். பதினைந்து கிலோ ராடு, இருபுறமும் இருபது, அதன் வெளியே இரண்டரை, கடைசியில் துருப்பிடித்த அந்தச் சின்ன ஒரு கிலோ.

"நாற்பத்தஞ்சும் ஐம்பத்தஞ்சும் முதல்ல தூக்கிட்டுத்தான் இது" என்றாள் ஜஸீலா.

இரண்டையும் தூக்கினாள். மெத்தையில் சத்தமில்லாமல் இறங்கின. பிளேட்டுகளை மாற்றிவிட்டு ஜஸீலா நிமிர்ந்தபோது, உம்மா காலால் மெத்தையின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"இதை எடு."

"சத்தம் கேக்கும் உம்மா. கீழ எல்லாரும் இருக்காங்க."

"கேக்கட்டும்."

ஹஃப்ஸா மாமி ஒரு முனையைப் பிடித்தாள். மெத்தை சுருண்டு சுவரோரம் போனது. ரப்பர் விரிப்பு மட்டும் மிஞ்சியது. சஃபியா ராடுக்கு நேரே நின்று, பாதங்களைச் சரிசெய்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தாள். சட்டியை ஏந்திக் கதவைச் சாத்துகிறவள் போல.

"எண்ணு" என்றாள், குனிந்தபடியே.

"ஒண்ணுதானே உம்மா."

"ஒண்ணுன்னாலும் எண்ணு. வாய் விட்டு."

உம்மா மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்துவதை ஜஸீலா பார்த்தாள். தோள் இறுகியது. ராடு வளைவது போல் தோன்றியது. தரையை விட்டுக் கிளம்பியது. கணுக்காலுக்கு மேல் மெல்ல மெல்ல வந்து, முழங்காலில் நின்றுவிட்டது. அங்கேயேதான் போன வாரமும் நின்றது. உம்மாவின் தாடை நடுங்கியது. முதுகு வளையவில்லை. ஜஸீலா முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையவில்லை.

"இடுப்பு உம்மா. கதவு திறக்குது. இடுப்பை முன்னால கொண்டு வாங்க."

ராடு முழங்காலைத் தாண்டியது. சஃபியா நிமிர்ந்து நின்றாள். அறுபத்திரண்டு கிலோ அவள் இரு கையிலும் தொங்கியது.

"ஒண்ணு" என்றாள் ஜஸீலா. அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

சஃபியா உடனே இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எதையோ எடை பார்ப்பது போல நின்றாள். பிறகு குனிந்து இறக்கினாள். எறியவில்லை. ஆனாலும் இரும்பு இரும்புதான். தரை அதிர்ந்து, சத்தம் படியில் இறங்கி முன்கூடம் வரை போனது.

கீழே பேச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. படியில் செருப்பில்லாத இரண்டு சோடிக் கால்கள்.

இந்த மாடிக்கு வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஆண் யாரும் வந்ததில்லை. முதலில் ஹபீப் முகம்மது வந்தார். பின்னால் இர்பான். வாசற்படியில் நின்ற மாமாவின் கண்ணில் முதலில் பட்டது தங்கையும் இல்லை, ராடும் இல்லை. மீதி இருந்த பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தன் மனைவிதான்.

"நீ இங்க என்ன செய்யிறே?"

"ஆறுதல் சொல்ல வந்தேன்" என்றாள் ஹஃப்ஸா மாமி.

வேறு ஒரு நாளாக இருந்தால் ஜஸீலா சிரித்திருப்பாள். மாமாவின் முகம் கறுத்திருந்தது. அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். இத்தா முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கீழே ஜமாஅத்துக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதுபட இப்படி ஒரு சத்தமா என்று தொடங்கினார். தன் வாப்பா கட்டிய வீட்டில் இந்தக் கூத்து இன்றோடு முடிந்தது என்றார். இர்பானைப் பார்த்து, வண்டிக்காரனை மேலே வரச் சொல் என்றார்.

"வாப்பா எனக்குக் கட்டின வீடு காக்கா" என்றாள் சஃபியா. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. "அதை முதல்ல சரியாச் சொல்லுங்க."

இர்பான் படியை நோக்கித் திரும்பினான். அவனுக்கும் படிக்கும் நடுவில் ஜஸீலா போய் நின்றாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க காக்கா. நான் இதை மூடப் போறதில்ல."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி இர்பான் கேட்டதில்லை. மாமாதான் பேசினார்.

"நீ பேசலாமா? உனக்கு அந்த யோக்கியதை இருக்கா? அன்னைக்கு உன் வாப்பா கீழ விழுந்தாரு. பெத்த மகள் தலைக்கு மேலதான் நின்னே. இந்த இரும்புச் சத்தத்துல ஒரு மனுசன் விழுந்தது கூட உன் காதுல விழல. காதுல விழுந்திருந்தா அவரைக் காப்பாத்தி இருக்கலாம். ஊரு சொல்றது பொய்யா?"

ஜஸீலா எதிர்பார்த்த அடிதான். நான்கு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். இருந்தாலும் கை தானாகக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. படியை விட்டு மட்டும் நகரவில்லை.

"பொய்தான்" என்றாள் சஃபியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஊர் பொய் சொல்லல. நான் சொன்ன பொய்யை ஊர் நம்புச்சு. அந்தப் பழியை இந்தப் புள்ளை சுமக்கும்னு நான் நினைக்கல. தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்க முடியல. இத்தா முடியிற வரைக்கும் அவர் மானத்தைக் காப்பாத்தணும்னு இருந்தேன். காப்பாத்திட்டேன். இன்னைக்கு முடிஞ்சுது."

"என்ன சொல்றே சஃபியா?"

"அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு காக்கா. நான் அடுப்படியிலதான் இருந்தேன். ஓடிப் போனேன். அவர் போயிருக்கல. உயிரோட இருந்தாரு."

இர்பான் சுவரில் சாய்ந்தான். கீழே யாரோ தேத்தண்ணீர் கிளாஸை வைத்த சத்தம் மேலே வரை வந்தது. இந்த வீட்டில் எந்தச் சத்தமும் எங்கும் கேட்கும்.

"பேசினாரு. குளிச்சிக்கிட்டு இருந்தவரு, உடம்புல துணி இல்ல. யாரையும் கூப்பிடாதே, நீயே தூக்குன்னாரு. கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கினேன். அசையல. துண்டைப் போத்திட்டு, மேலேருந்து ஜஸீலாவைக் கூப்பிடவான்னு கேட்டேன். பொம்பளைப் புள்ளைங்க முன்னால என்னை இப்படிக் காட்டாதேன்னாரு. சரின்னேன். திரும்பவும் தூக்கினேன். அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில அவருக்கு எடை பார்த்தாங்க. அறுபத்திரண்டு கிலோ. என் கைக்கு அந்தப் பலம் இல்ல."

ஹஃப்ஸா மாமி பிளேட்டை மெல்லத் தரையில் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் உம்மா?" என்றான் இர்பான். அதட்டல் எங்கோ போய்விட்டிருந்தது.

"அஸர் முடிஞ்சு தெருவுல ஆளுங்க திரும்பி வர்ற சத்தம் கேக்குற வரைக்கும் உசுரு இருந்துச்சு."

சொல்லிவிட்டு சஃபியா மகனையோ அண்ணனையோ பார்க்கவில்லை. படியை மறித்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"மேல நீ எண்ணிக்கிட்டு இருந்தே. ஒவ்வொரு எண்ணும் எங்க ரெண்டு பேருக்கும் நல்லாக் கேட்டுச்சு. நான் ஒரு குரல் குடுத்திருந்தா உனக்கும் கேட்டிருக்கும் ஜஸீலா. நான் குடுக்கல."